தாமதித்த விடை சரியான விடையா?

முப்பதாம் தேதி தருவதாகச் சொன்ன சரக்குப் பணத்தை ஒருவர் அடுத்த மாதம் பத்தாம் தேதி கொண்டுவந்து, ஒரு காசும் குறையாமல், மேசைமேல் எண்ணி வைக்கிறார். அவர் வாக்கைக் காப்பாற்றினாரா, இல்லையா? நமது வியாபார அன்பர்களில் சிலர், "தொகை சரியாக இருக்கிறது, பத்து நாள் முன்பின் ஆவது தொழிலில் சகஜந்தானே" என்பார்கள். வேறு சிலர், "அந்தப் பத்து நாளும் துறைமுகத்தில் கிடந்த என் சரக்கை எடுக்க முடியவில்லை, அதற்கு இந்தப் பணம் என்ன பதில் சொல்லும்?" என்பார்கள். இரு சாராரும் பெட்டியடியில் உட்கார்ந்து அனுபவப்பட்டவர்களே. கொடுத்த பொருளின் அளவு மட்டுந்தான் நாணயமா, கொடுத்த வேளையும் நாணயத்தில் சேர்ந்ததா என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் வினோதமான ஓர் இடத்தில் வைத்து ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம். கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் நிகழ்நேர அமைப்பு என்று ஒரு பிரிவு உண்டு. நமக்குள் வாதமாக இருக்கும் இந்த விஷயம் அங்கே சில வேளைகளில் உயிர் போகும் விஷயமாக இருக்கிறது. அங்குள்ளவர்கள் இதைப் பற்றி நம்மைவிடக் கண்டிப்பாக யோசித்திருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

கம்ப்யூட்டர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கடையில் பில் போடும் பெட்டிதான். அது ஒரு விநாடி தாமதித்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அவ்வளவே. ஆனால் உலகத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களில் மிகப் பெரும்பாலானவை மேசைமேல் இல்லை. அவை வேறொரு யந்திரத்தின் வயிற்றுக்குள்ளே, பெயர் தெரியாமல், இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. லிப்டில் இருக்கிறது, துணி துவைக்கும் யந்திரத்தில் இருக்கிறது, காரின் பிரேக்கில் இருக்கிறது, இருதய நோயாளியின் மார்புக்குள் வைத்துத் தைத்த கருவியிலும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2003-ம் ஆண்டு திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையில் ஓட்டுநரே கிடையாது. கோலாலம்பூரின் கிளானா ஜெயா பாதையிலும் அப்படித்தான். அந்த ரயில்களில் ஏறி நாம் கண்ணயர்ந்து போகிறோம் என்றால், உள்ளே யாரோ வேளை தவறாமல் வேலை பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

கார் எதிலேனும் மோதும்போது முன்னே விரிந்து காக்கும் காற்றுப்பையை எடுத்துக்கொள்வோம். இது நிஜமான மோதலா, பள்ளத்தில் விழுந்த குலுக்கலா என்று தீர்மானித்து, பையை விரித்து முடிக்க, அதற்குள்ள அவகாசம் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பத்துக்கள். அரை விநாடி கழித்து அந்தக் கம்ப்யூட்டர் "விரி" என்று உத்தரவு போட்டால் அந்த உத்தரவில் கணக்குப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் தலை அதற்குள் மோதி முடிந்திருக்கும். பிந்தி விரியும் பை, முன்னே வந்துவிட்ட தலையை அதுவே தாக்கிக் காயப்படுத்தவும் கூடும். ஆகவே இங்கே பிந்திய விடை என்பது குறைந்த விடையன்று, தவறான விடை. எல்லா வேலையும் இவ்வளவு கடுமையானது அல்ல என்பதையும் சொல்லிவிடுவோம். திரையில் ஓடும் படத்தில் ஒரு காட்சி பிந்தினால் கண் கொஞ்சம் உறுத்தும், அதோடு சரி.

இதிலிருந்து பிறக்கும் முதற் பாடம் பலரை ஆச்சரியப்படுத்தும். வேகமும் வேளை தவறாமையும் ஒன்றல்ல. வேகமான யந்திரத்தை வாங்கிப் போட்டால் எல்லாம் தானே சரியாகும் என்று நினைப்பது, ஓட்டக்காரனாகப் பார்த்து வேலைக்கு வைத்தால் சாமான் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைப்பது போலத்தான். இக்காலத்துச் சில்லுகள் அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தூரத்து நினைவகத்தில் போட்டுவைக்கின்றன. நாமும் ஓடும் சரக்கைக் கடையிலும் ஓடாத சரக்கைக் கிட்டங்கியிலும் வைக்கிறோம். பத்தில் ஒன்பது பேருக்கு உடனே எடுத்துக் கொடுத்துவிடலாம். பத்தாமவர் கேட்பது கிட்டங்கியில் இருந்தால் அவர் காத்து நிற்கவேண்டியதுதான். சராசரி போட்டுப் பார்த்தால் கடைக்கு நல்ல பெயர் வரும். பத்தாமவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் வந்தவராக இருந்தால் அந்தச் சராசரி அவருக்கு எதற்கு உதவும்? அதனால்தான் இத்துறைப் பொறியாளர்கள் "சராசரி எவ்வளவு?" என்று கேட்பதில்லை. "எல்லாம் கெட்டுப்போன நாளில், அதிகபட்சம் எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்கிறார்கள். சில்லு எவ்வளவுக்குச் சாமர்த்தியம் உள்ளதோ அவ்வளவுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டமாகிறது என்பது வேடிக்கையான உண்மை. நம் விளம்பரங்கள் எல்லாம் சராசரியைப் பற்றியே பேசுகின்றன என்பதையும் இங்கே போகிற போக்கில் சொல்லிவைக்கிறோம்.

சரி, ஒரே ஆள், பல வேலைகள். எதை முதலில் செய்வது? 1973-ம் ஆண்டில் லியூ, லேலண்ட் என்ற இருவர் இதற்கு ஒரு கணக்கு எழுதினார்கள். அதை ஓர் ஒட்டுக்கடையில் வைத்துப் பார்ப்போம். கடையில் ஒரே ஆள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தேத்தண்ணீர் கலக்கவேண்டும். அதற்கு 2 நிமிஷம் பிடிக்கும். ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரொட்டி போடவேண்டும். அதற்கு 4 நிமிஷம். அடுத்த தடவை வருவதற்குள் முந்தியதை முடித்தாகவேண்டும் என்பது பேச்சு. தேத்தண்ணீர் அவருடைய நேரத்தில் நூற்றுக்கு 40 பங்கையும், ரொட்டி நூற்றுக்கு 57 பங்கையும் எடுக்கும். மொத்தம் 97. மூன்று பங்கு மிச்சமே இருக்கிறது, பிறகென்ன என்று முதலாளி நினைப்பார்.

அடிக்கடி வரும் வேலைக்கே எப்போதும் முதலிடம் என்று ஒரு நிரந்தர வரிசை வைத்துப் பாருங்கள். முதல் 2 நிமிஷம் தேத்தண்ணீர், பிறகு 3 நிமிஷம் ரொட்டி. ஐந்தாம் நிமிஷத்தில் அடுத்த தேத்தண்ணீர் வந்துவிடும். ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு 2 நிமிஷம் அதைப் பார்க்கவேண்டும். ஏழாம் நிமிஷம் ஆகிவிட்டது. முதல் ரொட்டியில் இன்னும் ஒரு நிமிஷ வேலை பாக்கி. அடுத்த ரொட்டியோ வாசலில் வந்து நிற்கிறது. ஆள் ஒரு விநாடிகூடச் சோம்பி இருக்கவில்லை. திறமையும் குறைவில்லை. ஆயினும் வாக்குத் தவறிவிட்டது!

அவ்விருவர் கண்டுபிடித்துச் சொன்னது இது: இப்படி நிரந்தர வரிசை வைத்தால், வேலைகள் இரண்டாக இருக்கும்போது நூற்றுக்கு 82 பங்கு வரையிலும், எத்தனை வேலைகள் ஆனாலும் நூற்றுக்கு 69 பங்கு வரையிலும் ஒப்புக்கொண்டால், கெடு தவறாது என்று கண்ணை மூடிக்கொண்டு உறுதி கொடுக்கலாம். அதற்குமேல் ஏற்றினால் கட்டாயம் தவறும் என்பதல்ல. தனித்தனியே சோதித்துப் பார்க்காமல் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பதுதான். மிச்சமுள்ள 31 பங்கு வீணா? லாப நஷ்டக் கணக்கில் அது வீண்போலத் தெரியும். நமது அபிப்பிராயம் வேறு. தன்னால் ஆகக்கூடியதில் கடைசித் துளி வரைக்கும் விற்றுவிட்டவரின் வாக்கை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாம் எந்த ஆதாரத்தின் பேரில் நம்புவது? அந்தச் சும்மா இருக்கும் நேரந்தான் அவர் வாக்குக்குக் கட்டிவைத்த முன்பணம்.

ஆளைக் கூட்டிக்கொண்டால் போகிறது என்பார்கள் சிலர். கிரஹாம் என்ற கணித அறிஞர் 1960-களில் ஒரு கணக்குக் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டியவை சில அடங்கிய 9 வேலைகள். வரிசைப்பட்டியலும் கையில் இருக்கிறது. 3 ஆட்கள் செய்தால் 12 அளவு நேரத்தில் முடிகிறது. அதே பட்டியலை வைத்து 4 ஆட்கள் செய்தால் 15 ஆகிறது! ஆள் கூடியதால் சில்லறை வேலைகள் முன்கூட்டியே எடுக்கப்பட்டு, பெரிய வேலை பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி, நிரந்தர வரிசை வேண்டாம். யாருடைய கெடு நெருங்கியிருக்கிறதோ அவரை முதலில் கவனிப்போம் என்று வைத்துக்கொண்டால் என்ன? நம் ஒட்டுக்கடைக்காரர் பிழைத்துக்கொள்வார். 2 நிமிஷம் தேத்தண்ணீர், தொடர்ந்து 4 நிமிஷம் ரொட்டி, ஆறாம் நிமிஷத்தில் ரொட்டி முடிந்தது. இடையில் வந்த தேத்தண்ணீருக்குப் பத்தாம் நிமிஷம் வரை கெடு இருக்கிறது. இம்முறையில் நூற்றுக்கு நூறு வரை ஏற்றலாம் என்பதையும் அதே இருவர் நிரூபித்தார்கள். பார்ப்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை.

ஆனால் நூறைத் தாண்டிய அன்றைக்கு இந்த நியாயம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கவேண்டும். கைப்பணம் போதாமல் போன வியாபாரி, கெடு நெருங்கியவருக்கே முதலில் கொடுப்பது என்ற கொள்கையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவருக்கு இரண்டு நாள் பிந்திக் கொடுக்கிறார். அதனால் இரண்டாமவருக்குப் பிந்துகிறது, அதனால் மூன்றாமவருக்கு. எல்லாருக்கும் பணம் போய்ச் சேர்கிறது, ஒருவருக்கும் வேளையில் போய்ச் சேர்வதில்லை. நிரந்தர வரிசை வைத்தவரோ முன்வரிசைக்காரர்களுக்கெல்லாம் நாள் தவறாமல் கொடுத்துவிட்டுக் கடைசியில் நிற்பவருக்குக் கையை விரிக்கிறார். எது அறம்? கஷ்டத்தைப் பகிர்ந்து கொடுப்பதே அறம் என்று நம் மனம் சொல்லும். பணத்தில் அது பொருந்தலாம். பத்து நாள் பிந்திய பணத்துக்கும் பிரயோசனம் உண்டு. பிந்திய பிரேக்குக்குப் பிரயோசனம் இல்லை. ஆகவே அங்கே யாரையாவது கைவிட்டே தீரவேண்டும். கைவிடப்படுபவர் யார் என்பதை அவசரத்தின் நடுவில் தீர்மானிப்பதா, அமைதியாக இருக்கும்போதே தீர்மானிப்பதா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி.

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி இக்கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கம்ப்யூட்டரில் அழித்தெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் தொலைபேசியோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்நேரத்தில் தேவையில்லாத ஒரு ராடார் கருவியிலிருந்து வீண் துடிப்புகள் வந்து, கம்ப்யூட்டரின் நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தன. ஏற்கெனவே சுமை அதிகம், இதுவும் சேர்ந்தது. 1202 என்ற எச்சரிக்கை வந்தது, பிறகு 1201. இறங்கி முடிவதற்குள் ஐந்து தடவை. "வேலையை வைக்க இடமில்லை" என்பது அதன் பொருள்.

அந்தக் கம்ப்யூட்டர் செய்தது என்ன? கையிலிருந்ததை எல்லாம் ஒரு கணம் கீழே போட்டது. பிறகு, கலத்தைச் சீராக இறக்கும் வேலையையும் அதுபோன்ற உயிர்நாடியானவற்றையும் மட்டும், விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆல்டிரின் திரையில் காட்டும்படி கேட்டிருந்த ஒரு விவரத்தைக்கூட அது திரும்ப எடுக்கவில்லை. கேட்டவர் மனிதர், அதுவும் கலத்திலேயே நின்றுகொண்டிருந்தவர் என்பதை யோசித்துப் பாருங்கள். அவரைக் காப்பாற்றுவதற்காக அவர் கேட்டதைக் கைவிட்டது. இதற்கு அந்த யந்திரத்தைப் புகழ்வதில் அர்த்தமில்லை. எது அத்தியாவசியம், எது விடக்கூடியது என்று எந்த நெருக்கடியும் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கே புகழ் சேரும். பூமியிலும் அதே கதைதான். அந்த மாதத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகையில் இதுபோன்ற எச்சரிக்கை வந்தபோது, தேவையில்லாமல் பயணத்தைக் கைவிடும்படி சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு, எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று கார்மன் என்ற இளைஞர் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். நிஜமாகவே எண் வந்தபோது, அவரும் பேல்ஸ் என்ற அதிகாரியும் "போகலாம்" என்று சொல்ல முடிந்தது.

முக்கியமானவருக்கு முதலிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் ஒரு விநோதச் சிக்கல் இருக்கிறது. கடையில் கடைநிலைப் பையன் ஒருவனிடம் கிட்டங்கிச் சாவியைக் கொடுத்து ஒரு சாமான் எடுத்துவர அனுப்புகிறோம். அதே சமயம் முதலாளிக்கு அதே கிட்டங்கியில் அவசர வேலை. சாவி வரட்டும் என்று அவர் நிற்கிறார். பையன் திரும்பி வரும் வழியில், அவனைவிடப் பெரியவர்களான கணக்கப்பிள்ளையும் மற்றவர்களும் "இதைத் தூக்கு, அதை நகர்த்து" என்று வேலை ஏவுகிறார்கள். அவன் மறுக்க முடியாது. வரிசைப்படி அவன்தான் கடைசி. ஆக, யாரும் விதியை மீறவில்லை. ஆனால் கடையின் முதலாளி, கணக்கப்பிள்ளையின் சில்லறை வேலைகள் முடியும்வரை காத்து நிற்கிறார்!

1997-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்பைண்டர் என்ற கலத்தில் அப்படியே இது நடந்தது. தகவல் பாதையை நிர்வகிக்கும் வேலை முதலாளி. வானிலை விவரம் சேகரிக்கும் வேலை பையன். பூமியோடு பேசும் வேலையும் அதுபோன்றவையும் நடுநிலைக்காரர்கள். பையன் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நடுநிலைக்காரர்கள் குறுக்கே வந்தார்கள். முதலாளியின் கெடு தவறியது. கெடு தவறியதைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பெரிய கோளாறு என்று கம்ப்யூட்டரையே நிறுத்தி முதலிலிருந்து தொடங்கவைத்தது. இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை.

இதற்கு மருந்து முன்னமே தெரிந்ததுதான். லூயி ஷா, ராகுநாதன் ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகிய மூவர் 1990-ல் அதை விளக்கி எழுதியிருந்தார்கள். இவர்களில் ராஜ்குமார் மதராஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் என்பது நமக்கெல்லாம் சந்தோஷம் தரும் செய்தி. மருந்து இதுதான்: முதலாளிக்கு வேண்டிய சாவி பையனிடம் இருக்கும்வரை, பையனுக்கு முதலாளியின் மரியாதை. வழியில் யாரும் அவனுக்கு வேலை ஏவக்கூடாது. சாவியை ஒப்படைத்த மறுகணம் அவன் பழைய இடத்துக்குப் போய்விடுவான். ஆளின் அந்தஸ்துக்கு அல்ல, அவன் கையில் இருக்கும் அமானிதத்துக்கே மரியாதை. பாத்பைண்டரின் மென்பொருளில் இந்த வசதி இருக்கத்தான் இருந்தது. அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் போடப்படாமல் இருந்தது. பூமியில் வைத்திருந்த மாதிரியில் பொறியாளர்கள் கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணம் கண்டு, செவ்வாய்க்குச் செய்தி அனுப்பி, அதைப் போடவைத்தார்கள். அத்தோடு கோளாறு நின்றது.

இதில் நம்மை அதிகம் யோசிக்கவைப்பது வேறொன்று. புறப்படுவதற்கு முன், பூமியில் சோதித்தபோதே இக்கோளாறு தலைகாட்டியிருந்தது. மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போது எல்லாருடைய கவனமும் பத்திரமாக இறங்கவேண்டுமே என்பதில் இருந்தது. அது நியாயமான கவலையுங்கூட. எப்போதோ ஒரு தடவை வந்து போகும் தவறை, "அது ஏதோ ஒரு நாள் நடந்தது" என்று தள்ளிவைப்பது மனித சுபாவம். கல்லாவில் என்றோ ஒரு நாள் பத்து வெள்ளி குறைந்ததை நாமும் அப்படித்தான் மறந்துவிடுகிறோம்.

செவ்வாயில் உயிர்ச்சேதம் இல்லை. சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 1991-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி நடந்தது அப்படியல்ல. அங்கே அமெரிக்கப் படையினர், வரும் ஏவுகணையை வழியிலேயே அடிப்பதற்காகப் பேட்ரியட் என்ற சாதனத்தை வைத்திருந்தார்கள். அதன் கம்ப்யூட்டர் நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. நம் எண்முறையில் மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுதவேண்டியிருப்பதுபோல, கம்ப்யூட்டரின் இரண்டடி எண்முறையில் பத்தில் ஒன்று முடிவில்லாமல் போகும். எங்காவது வெட்டியாகவேண்டும். வெட்டியதால் வந்த குறை மிக அற்பம். தராசில் ஒட்டியிருக்கும் தூசிபோல. ஆனால் சாதனம் நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியிருந்தது. குறை சேர்ந்து சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அந்த நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். சாதனம் தேடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடியது. ஒன்றும் தெரியவில்லை என்று இருந்துவிட்டது. படைவீட்டில் விழுந்த ஏவுகணையால் 28 வீரர்கள் மாண்டார்கள்.

இந்தக் குறை முன்பே தெரியாததல்ல. சாதனம் 8 மணி நேரம் ஓடினாலே குறி விலகத் தொடங்குகிறது என்று இஸ்ரேலில் அதை இயக்கியவர்கள் அம்மாதம் 11-ந் தேதியே விவரம் அனுப்பியிருந்தார்கள். திருத்தம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 21-ந் தேதி, அதாவது நான்கு நாள் முன்னதாக, எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கையும் போயிற்று. மிக நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி விலகக்கூடும் என்று அதில் இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் கடிகாரம் புதிதாகத் தொடங்கும். அதற்கு ஒன்று, ஒன்றரை நிமிஷம் போதும். ஆனால் நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அந்த எச்சரிக்கையில் எழுதவில்லை. இவ்வளவு நேரம் யாரும் ஓட்டமாட்டார்கள் என்று அனுப்பியவர்கள் எண்ணிக்கொண்டார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்குப் போய்ச் சேர்ந்தது 26-ந் தேதி.